தூக்கிப் போகும் கணினி

கேள்வி: கையோடு எடுத்துப் போகும் கணினி எப்போது கடைக்கு வந்தது?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: நன்றாக விற்ற முதல் மாடல் என்றால் ஆஸ்போர்ன் 1. 1981இல் அமெரிக்காவில் வந்தது. எடை சுமார் 11 கிலோ. மூடினால் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். திரை வெறும் 5 அங்குலம். உள்ளே பேட்டரி கிடையாது; போகிற இடத்தில் பிளக் வேண்டும். ஆனால் 1,795 டாலர் விலையிலேயே கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் மென்பொருள்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்: வாங்கிய அன்றே வேலையைத் தொடங்கலாம்! வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். கம்பெனியைத் தொடங்கிய ஆடம் ஆஸ்போர்ன் யார் தெரியுமா? சிறுவயதில் உங்கள் பக்கத்துத் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். அவர் அப்பா ரமண மகரிஷியின் பக்தர். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.