கூரை வேலைக்குப் பாதுகாப்புத் திட்டம் என்றால் என்ன?

ஏறுவதற்கு முன்பே, ஆள் எங்கே விழலாம், கீழே யார்மேல் என்ன விழலாம் என்று பார்த்து, அதைத் தடுக்கும் வழியை முடிவுசெய்வதுதான்.

கொழும்பின் பழைய வீடுகளில் அஸ்பெஸ்டஸ் சீட் நிறைய. அது மழையைத் தாங்கும், ஆள் பாரத்தைத் தாங்காது. பழசானால் திடீரென்று உடையும்; பாசி பிடித்தால் விரிசலும் தெரியாது. அதனால் சீட்டைத் தாங்கும் அடிமரங்களில் பாரம் இறங்கும்படி நீளப் பலகை போட்டு அதன்மேல்தான் நிற்க வேண்டும். சேற்று ஒழுங்கையில் பலகை போட்டு நடப்போமே, அதேபோலத்தான். உறுதியான இடத்தில் கயிற்றால் கட்டிய, உடம்பு முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டியும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், அஸ்பெஸ்டஸ் தூசு நுரையீரலைக் கெடுக்கும். நனைத்து, உடைக்காமல் கழற்றுங்கள். ஏப்ரல், ஒக்டோபரில் பின்னேரம் இடிமழை வரும், காலையிலேயே ஏறுங்கள்.

"ஆணி வரிசையில் கால் வைத்தால் உடையாது" என்பார்கள். நம்பாதீர்கள், கால் சற்று வழுக்கினாலே சீட்டோடு கீழே போய்விடுவோம்.