சிறிய டிராக்டரின் பின் டயரில் தண்ணீர் நிரப்பலாமா? கால்சியம் குளோரைடு கலக்க வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 24 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டர். செம்மண் நிலத்தில் ஐந்து கொத்துக் கலப்பையை இறக்கினால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. டயருக்குள் தண்ணீர் நிரப்பினால் சரியாகுமா, அதில் கால்சியம் குளோரைடு கலக்கச் சொல்கிறார்களே, அது அவசியமா?

தண்ணீர் நிரப்பலாம்; அதன் எடையால் சக்கரத்துக்குப் பிடிப்பு கூடும். கால்சியம் குளோரைடு என்ற உப்பு வேண்டாம். ஆனால் தொளி உழவுக்கு, அதாவது சேற்று உழவுக்கு, வயலில் இறங்கும் முன் அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுவதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் நிலம் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் இருக்கிறது. மேட்டில் செம்மண்ணும் சரளையும்; கண்மாய்க்குக் கீழே களி கலந்த நெல்வயல். ஒரே டிராக்டர் இரண்டிலும் வேலை செய்தாக வேண்டும். செட்டிநாட்டுப் பக்கம் சிறிய டிராக்டர் வாங்கிய பலருக்கும் இதே நிலைமைதான்.

முதலில் உப்பு விஷயம். கால்சியம் குளோரைடு கலக்கும் பழக்கம் அமெரிக்கா, கனடா போன்ற குளிர்நாடுகளில் வந்தது. அங்கே குளிர்காலத்தில் டயருக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகிவிடும். உப்பு அதைத் தடுக்கிறது. நம் ஊரில் மார்கழிப் பனியில்கூடத் தண்ணீர் உறைவதில்லை. கூடுதல் எடை கிடைக்குமே என்றால், உப்புக்கரைசல் லிட்டருக்கு 1.2 முதல் 1.3 கிலோ வரை இருக்கும், வெறும் தண்ணீர் 1 கிலோ. உங்கள் டிராக்டரில் 8.3-24 அளவு டயர் இருந்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயருக்கும் சேர்த்து உப்பால் கிடைக்கும் ஆதாயம் 20, 30 கிலோ. அதற்காக, டியூபில் முள் குத்திக் கசிந்த அன்றே ரிம்மை அரிக்கத் தொடங்கும் ஒரு பொருளை உள்ளே வைக்க வேண்டுமா? வெறும் தண்ணீரிலேயே 110 கிலோ ஏறிவிடுகிறது. இவ்வளவு சிறிய வண்டிக்கு அது பெரிய எடை. அதுவும் அச்சின் மேல் உட்காராமல் சக்கரத்தின் வழியாக நேரே மண்ணில் இறங்கும் எடை.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கியபடி சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் வரை ஓட்டி, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழுதபடியே பத்துச் சுற்று ஓட்டி அளங்கள். முதலில் 31 மீட்டரும் இரண்டாவதில் 24 மீட்டரும் வந்தால், வழுக்கல் ஏறக்குறைய 23 சதவீதம். அந்த அளவு டீசல் டயரைத் தேய்க்கத்தான் போகிறது. புழுதி உழவில் 10 முதல் 15 சதவீதம் வரை வழுக்குவது இயல்பு. அந்த அளவில் இருந்தால் எடையே தேவையில்லை. அதற்கும் குறைவாக வந்தால் வண்டி ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கனமாக இருக்கிறது என்று பொருள், மண்தான் இறுகும். டயரின் பட்டன்கள் (மண்ணைப் பிடிக்கும் புடைப்புகள்) தேய்ந்திருந்தாலோ, காற்று அதிகமாக இருந்தாலோ, கொத்து அளவுக்கு மீறி ஆழமாக இறங்கினாலோ சக்கரம் இப்படித்தான் சுற்றும். அவற்றை முதலில் சரிசெய்யுங்கள். ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) வேலைக்கு எடை கேட்காதீர்கள். அதன் கத்திகளே வண்டியை முன்னுக்குத் தள்ளுகின்றன.

நிரப்பும் முறை எளிது. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சிக்கு வரும்படி திருப்புங்கள். வால்வு பின்னை (வால்வுக்குள் இருக்கும் ஊசியை) கழற்றிவிட்டு, தண்ணீர் நிரப்பும் அடாப்டரை மாட்டி, மாடித் தொட்டியிலிருந்து ஹோஸ் கொடுத்தால் போதும். மோட்டார் அழுத்தம் வேண்டாம். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும் என்பதால், அதற்கென்று தனித் துவாரம் உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். டயர் நிரம்ப நிரம்பக் காற்றும் தண்ணீரும் மாறி மாறிச் சீறும். காற்று நின்று தண்ணீர் மட்டும் சீராக வழியும்போது நிறுத்திவிடுங்கள். அதுதான் முக்கால் பங்கு. மிச்ச கால் பங்குக்குக் காற்று இருந்தே ஆக வேண்டும்; முழுக்க நிரப்பினால் டயர் கல்லாகிவிடும், வரப்பில் இடிக்கும் அடி நேரே ரிம்முக்குப் போகும். பிறகு வால்வு பின்னைப் போட்டு, கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்குக் காற்றடியுங்கள். அழுத்தம் பார்க்கும்போதும் வால்வு மேலேயே இருக்கட்டும், அழுத்தமானிக்குள் தண்ணீர் போகக் கூடாது.

உவர்ப்பான போர்த் தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள். கலங்கல் இல்லாத ஊருணித் தண்ணீர் நல்லது. முற்றத்தில் பிடித்த மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

இப்போது தொளி உழவு. மேட்டுச் செம்மண்ணில் கைகொடுத்த அதே 110 கிலோ, கண்மாய்க்குக் கீழே சேற்றில் வண்டியைப் புதைக்கும். அங்கே பிடிப்பு கேஜ் வீலில் (சேற்றுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தில்) இருந்து வர வேண்டும், எடையில் இருந்து அல்ல. வண்டி மாட்டிக்கொள்வதைவிட எனக்குப் பெரிய கவலை வயலைப் பற்றியது. நெல்வயலுக்கு அடியில் தண்ணீரைத் தாங்கி நிற்கும் ஒரு கடினத் தட்டு உண்டு. கனமான சக்கரம் அதைக் குழித்துவிட்டால் அடுத்தடுத்த போகங்களிலும் அதே இடத்தில் வண்டி இறங்கும். அதனால் ஆடி, ஆவணிப் புழுதி உழவுக்கு நிரப்பி வைத்திருப்பதை, மழை விழுந்து கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததும் இறக்கிவிடுகிறேன். வால்வைக் கீழே கொண்டுவந்து பின்னைக் கழற்றினால் பாதிக்கு மேல் வந்துவிடும். அதற்கும் கீழே டயரின் வயிற்றில் தங்கும் தண்ணீருக்கு, அடாப்டரோடு வரும் மெல்லிய குழாயை உள்ளே விட்டுக் காற்றடிக்க வேண்டும். இது பெரிய வேலையாகத் தோன்றினால், கழற்றி மாட்டும் இரும்புச் சக்கர எடைகளை வாங்குங்கள். விலை அதிகம்தான், நன்செய், புன்செய் இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் செலவு தகும்.

டிரெய்லரில் பாரம் ஏற்றிக் கண்மாய்க் கரையில் ஏறும்போது முன் சக்கரம் தூக்குகிறது என்பவர்கள், தயவுசெய்து பின் டயர்த் தண்ணீரை நம்ப வேண்டாம். பின் அச்சை மையமாக வைத்துத்தான் வண்டி தூக்குகிறது, அந்த அச்சிலேயே இருக்கும் எடை அதைத் தடுக்காது. முன் பம்பரில் இரும்பு எடை மாட்ட வேண்டும், பாரத்தைக் குறைக்க வேண்டும், கொக்கியை உயரமான இடத்தில் மாட்டாமல் கீழே உள்ள டிராபாரில் (இழுவைக் கம்பியில்) மாட்ட வேண்டும். பின்பக்கமாகக் கவிழும் டிராக்டரில் இருந்து குதிக்க நேரம் கிடைப்பதில்லை.

கடைசியாகச் சீமைக் கருவேல முள். நம் பக்கம் பஞ்சர் தவிர்க்க முடியாதது. தண்ணீர் நிரப்பிய டயரில் முள் குத்தினால் காற்று இறங்கும் சத்தம் கேட்காது, ஈரக்கசிவு மட்டும் தெரியும். ஆகவே காலையில் வண்டியை எடுக்கும் முன் டயரைச் சுற்றி மண் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைக் கழற்றும் முன்பே உள்ளே தண்ணீர் இருப்பதைப் பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லி, அதை இறக்கிவிடச் சொல்லுங்கள். வழக்கமான எடை என்று நினைத்து ஒற்றை ஆளாகச் சாய்த்தால் சக்கரம் அவர் காலில் விழும். அடாப்டரையும் கையோடு கொண்டுபோங்கள், எங்கள் பக்கத்துக் கடைகளில் அது இருப்பதில்லை.