தெருவோரம் கைவிடப்பட்ட கார்: நோட்டீஸ் ஒட்டிய பிறகு என்ன நடக்கும்?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பழைய கார் ஒரு வருடத்துக்கும் மேலாக நிற்கிறது. நான்கு டயரிலும் காற்று இல்லை, பின்பக்க எண் பலகையைக் காணோம். இப்போது அதைச் சுற்றிக் கிழிந்த மெத்தை, உடைந்த டைல்ஸ், குப்பை மூட்டைகள் வேறு. புகார் கொடுத்தோம். ஒருவர் வந்து கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார், அத்தோடு சரி. தெருக்காரர்கள் சேர்ந்து நாங்களே தள்ளி அப்புறப்படுத்தலாமா?

பதில்: தள்ள வேண்டாம். அது திருட்டு வண்டியாக இருக்கலாம், ஏதாவது வழக்கில் தேடப்படுவதாகவும் இருக்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றாலும், அடுத்த தெருவுக்குப் போனதும் உரிமையாளருக்குத் தரும் அவகாசக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடும். தள்ளும்போது ஏதாவது உடைந்தால், இத்தனை நாள் தலைகாட்டாத உரிமையாளர் அன்றைக்குப் பார்த்து வந்து நிற்பார்.

உங்களுக்கு அது குப்பை. சட்டத்துக்கு அது இன்னும் ஒருவருடைய சொத்து. தாமதம் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது. குப்பை மூட்டையை யாரையும் கேட்காமல் அள்ளலாம். பதிவான வண்டி என்றால் பதிவேட்டில் உரிமையாளரைத் தேடி, அவருக்குத் தகவல் அனுப்பி, அவகாசம் முடியும்வரை காத்திருந்தாக வேண்டும். அவகாசம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் கைவிடப்பட்ட வண்டிகளுக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தனியார் நிலத்தில் நிற்கும் வண்டி என்றால் நிலத்துக்காரருக்கு 15 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். எடுத்துச் சென்ற வண்டிக்கு மதிப்பு இருந்தால், உரிமையாளர் வந்து மீட்டுக்கொள்ள 7 நாள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியை அகற்றச் சொல்லும் அதிகாரத்தைச் சீருடையிலுள்ள காவல் அதிகாரிக்குத் தருகிறது. இழுத்துச் செல்லும் செலவு உரிமையாளர் தலையில். சட்டத்தில் பத்து மணி நேரம், தெருவில் பல வருடம்! இழுத்துப் போனால் நிறுத்துவதற்கு ஒரு இடம் வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், கணக்கு எழுத வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் பிரிவு காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

ஆகவே உங்கள் காரில் ஒட்டிய நோட்டீஸை வெறும் கண்துடைப்பு என்று நினைக்காதீர்கள். கடிகாரம் ஓடத் தொடங்கியது அன்றுதான். அதில் உள்ள தேதி, கோப்பு எண், கையெழுத்து தெளிவாகத் தெரியும்படி இன்றைக்கே படம் எடுங்கள். ஒரு மழை போதும், எழுத்து கரைந்துவிடும். கெடு முடிந்த மறுநாள் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ‘கார் நிற்கிறது’ என்ற புகாரைவிட, ‘இந்தத் தேதியில் நீங்கள் கொடுத்த கெடு முடிந்துவிட்டது, அடுத்த நடவடிக்கை என்ன?’ என்ற கேள்வியைத் தட்டிக்கழிப்பது அலுவலகத்துக்குக் கடினம்.

வண்டி கைவிடப்பட்டதுதானா என்று பார்க்க வருபவர் என்ன பார்ப்பார்? தூசியை அல்ல. வெளியூர் போனவர் வண்டியிலும், மருத்துவமனையில் கிடப்பவர் வண்டியிலும் தூசி படியும். சக்கரத்துக்கு அடியில் புல் முளைத்து ஆரத்தைச் சுற்றியிருக்கிறதா, விளிம்பு ரப்பரை அறுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே இருக்கையில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்பவைதான் அவருக்குச் சான்று. அவற்றைப் படமெடுத்து அனுப்புங்கள். எண் பலகை இல்லாவிட்டால் சேசிஸ் எண், அதாவது தயாரிப்பாளர் வண்டியில் பொறித்த அடையாள எண், உதவும். பல கார்களில் முன்கண்ணாடியின் கீழ் மூலையில், வெளியிலிருந்தே படிக்கும்படி 17 இலக்க எழுத்துத் தொடர் இருக்கும். அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. வட்டமாகத் தெரிவதைப் பூஜ்யம் என்றே குறித்துக்கொள்ளுங்கள். கதவையோ பானெட்டையோ திறந்து தேட வேண்டாம்.

குப்பைக்குத் தனிப் புகார் கொடுங்கள். இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால், கார் பிரிவு முடிக்கட்டும் என்று துப்புரவுப் பிரிவு ஒதுங்கிக்கொள்ளும். மெத்தைக்கும் மூட்டைக்கும் உரிமையாளர் விசாரணை கிடையாது என்பதால் அது சீக்கிரம் முடியும். டைல்ஸ் கட்டடக் கழிவு. அதைப் பல ஊர்களில் அன்றாடக் குப்பை வண்டி எடுக்காது என்பதால் தனியாகக் குறிப்பிடுங்கள். இடம் சுத்தமானால் புதிதாகக் கொட்டுவதும் குறையும்.

அபாயம் இருந்தால் அதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். பெட்ரோல் அல்லது எஞ்சின் ஆயில் கசிவு, உடைந்த கண்ணாடி, உள்ளே ஏறி விளையாடும் குழந்தைகள், பார்வையை மறைக்கும் திருப்பம்: இவற்றுக்குப் பல சட்டங்கள் அவகாசம் இல்லாமல் உடனே அகற்ற இடம் தருகின்றன. கழற்றிப் போட்ட டயரில் மழைநீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அந்த முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சுகாதாரப் பிரிவுக்கு இது ஒன்றே போதும்.

அந்த இடம் யாருடையது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. அடுக்குமாடி வளாகத்துக்குள் என்றால் பெரும்பாலும் பொறுப்பு நிலத்துக்காரருடையது. காவல் நிலைய வாசலில் துருப்பிடிப்பவை பல வழக்குச் சொத்து, அவற்றில் உள்ளாட்சி கை வைக்க முடியாது.

எடுத்துச் சென்ற வண்டியை உரிமையாளர் இழுவைச் செலவும் நிறுத்தக் கட்டணமும் கட்டி மீட்கலாம். வராவிட்டால் ஏலம், அல்லது உடைப்புக் கூடம். அங்கே முதலில் பேட்டரி, எரிபொருள், ஆயில், பிரேக் திரவம், ஏசி வாயு ஆகியவற்றை எடுத்துவிட்டுத்தான் இரும்பை நசுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டிலேயே இதை விதியாக்கி, அழிப்புச் சான்றிதழ் இருந்தால்தான் பதிவை நீக்கலாம் என்றது. இந்தியாவில் 2021 விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு மையங்கள் சான்றிதழ் தருகின்றன.

உரிமையாளரைத் தேடும்போது அடிக்கடி சிக்குபவர், வண்டியை எப்போதோ விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவர். நோட்டீஸும் கட்டணமும் அவர் வீட்டுக்குத்தான் வரும். உங்கள் தெருவில் யாராவது பழைய வண்டியை அப்படிக் கைமாற்றியிருந்தால், இந்த வாரமே பதிவு அலுவலகத்தில் பெயர் மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.