கழுத்து நரம்பும் கசிப்புக் குடிக்காத மனிசனும்

ஐயா, நான் மட்டக்களப்புல மருத்துவம் படிக்கிறன், மூணாம் வருசம். வார்ட்ல ஜேவிபி, அதான் கழுத்து நரம்புல தெரியிற ரெத்த அழுத்தம், பாக்கச் சொல்றாங்க, எனக்கு ஒருத்தர்லயும் தெரியுதில்ல. படுக்க வைக்கிறது 45 டிகிரியா 30 டிகிரியா? இதயத்த ஸ்கேன் பண்ற எக்கோ இரிக்கிற காலத்துல இது தேவைதானா? நீங்க பழைய டொக்டர் எண்டதால கேக்கிறன்.
ஒரு மாணவி, ஆரையம்பதி

மகள்,

ஜேவிபி எண்டு வீட்ட போய்ச் சத்தமாப் படிச்சிராதீங்க, அந்தப் பேர்ல இருக்கிற கட்சியில சேந்துட்டா எண்டு அம்மா பயந்துருவா. 'பழைய டொக்டர்' எண்டதயும் மன்னிச்சிட்டன்.

டிகிரிக் கதைய விடுங்க, 45ல தொடங்கி கூட்டிக் கொறச்சிப் பாருங்க. எக்கோவா? நாளைக்கு வெல்லாவெளிப் பக்கம் போஸ்டிங் கிடைச்சா, ராவு ரெண்டு மணிக்கு மூச்சு முட்டி வாற கிழவருக்கு உங்கட கண்ணும் ஒரு டோர்ச்சும்தான், அத யோசிச்சீங்களா?

ஆனா "ஒருத்தர்லயும் தெரியுதில்ல" எண்டீங்களே, அது எனக்குச் சுள்ளெண்டுது. ஏனெண்டா நானும் அதத்தான் எழுதினன்.

இன்டேனா, அதான் பயிற்சி டொக்டரா, இருக்கக்குள்ள படுவான்கரை வயல்காரர் ஒராள் வந்தாரு, வயிறு முட்டத் தண்ணி, காலும் வீக்கம். கட்டில்ல ஏற முதலே கசிப்பால, அதான் கள்ளச்சாராயத்தால, ஈரல் போன கேஸ் எண்டு முடிவாயிற்று. "நான் தொடுறல்ல தம்பி" எண்டாரு, நாங்க சிரிச்சம், பெண்சாதிக்கு முன்னாலயே ஒராள் ஏசினாரு. நான் 45ல சாச்சிக் கழுத்தப் பாத்தன், ஒண்டும் துடிக்கல்ல, 'நோர்மல்' எண்டு எழுதிட்டுப் போயிட்டன்.

நாலாம் நாள் ஒரு வயசான அட்டென்டன் அம்மாதான் சொன்னா, "டொக்டர், இவர் எழும்பியிருந்து கஞ்சி குடிக்கக்குள்ள காதுச்சோணை ஆடுது". ஓடிப்போய் நேரா இருத்திப் பாத்தா தாடைக்குக் கீழ நரம்பு பொம்மிக்கிட்டு நிக்கிது, கைய வெச்சா தட்டுப்படல்ல, அப்ப அது நாடியில்ல. மூச்ச உள்ள இழுத்தா மட்டம் எறங்கணும், இவருக்கு ஏறுது. 1873ல குஸ்மௌல் எண்ட ஜேர்மன்காரர் எழுதிவெச்ச அதே அடையாளம்.

விளங்குதா? நெஞ்செலும்பு மேட்டுல இருந்து செங்குத்தா 3, 4 சென்டிமீட்டருக்கு மேல துடிப்பு போனா அழுத்தம் கூட எண்டு அர்த்தம். அந்த மேட்டுல இருந்து அளக்கிற வழிய 1930ல தோமஸ் லூயிஸ் சொல்லிட்டாரு, அடிமட்டம் ஒண்டு போதும். ஆனா மட்டம் கடுமையா ஏறியிருந்தா 45ல அதுர உச்சி தாடைக்கும் மேல போயிரும், கழுத்துல துடிப்பே தெரியாது. உன்னிச்சைக்குளம் நெறஞ்சி அளவுக்கம்பு முழுகிட்டா குளத்துல தண்ணியில்ல எண்டா எழுதுவீங்க? இருத்திப் பாருங்க மகள். தெரியாட்டி நேரா இருத்துங்க, அப்பவும் தெரியாட்டி முழுசாப் படுக்க வைங்க, ரெண்டும் செய்யாம 'நோர்மல்' எண்டு மட்டும் எழுதாதீங்க. நான் இதச் சொல்லிச் சொல்லியே சாகப்போறன் போல.

அவருக்கு எப்பயோ வந்த காசநோய் இதயத்தச் சுத்தின சவ்வ இறுக்கிப்போட்டிருந்தது, அதாலதான் ரெத்தம் உள்ள போக வழியில்லாம வயிறும் காலும் வீங்கின. ஈரல் வருத்தத்துல மட்டும் கழுத்து நரம்பு பொதுவா இப்பிடி ஏறாது.

ஒப்பரேசனுக்குக் கொழும்புக்கு அனுப்பக்குள்ள பெண்சாதி கேட்டா, "அப்ப குடியால இல்லத்தானே? எங்கட ஊருக்கு வந்து நாலு பேருக்கிட்டச் சொல்லுவீங்களா தம்பி?" ஓம் எண்டன். போகல்ல.