25 பேர் எழுதும் மென்பொருளைப் பைத்தான் தாங்குமா?

கேள்வி: மருந்து மொத்த விற்பனையாளர்களுக்கான பில்லிங் மென்பொருளை ஜாவாவில் எழுதி விற்றுவருகிறோம். எங்கள் 6 பேர் கொண்ட சிறு குழு அறிக்கைகளுக்காகப் பைத்தானில் எழுதிய கருவிகள் விரைவாகத் தயாராகி நன்றாகவும் ஓடுவதைப் பார்த்த நிர்வாகம், அடுத்த பதிப்பு முழுவதையும் பைத்தானிலேயே எழுதலாம் என்று கருதுகிறது. அதற்கு 25 பேர் தேவைப்படுவார்கள். தரவு எண்ணா, எழுத்தா என்பது போன்ற வகைகளை முன்கூட்டி அறிவிக்கச் சொல்லாத ஒரு மொழி இவ்வளவு பெரிய வேலையைத் தாங்குமா?

பதில்: தாங்கும், ஆனால் 6 பேர் எழுதிவந்த அதே பழக்கத்தோடு 25 பேரும் எழுதினால் தாங்காது. ஒரு ஃபங்ஷனுக்கு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்கு) எதை அனுப்ப வேண்டும், அது எதைத் திருப்பித் தரும் என்னும் விவரங்களை நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் ஜாவாவின் கம்பைலர் நம்மிடம் எழுதி வாங்கிக்கொள்கிறது. பைத்தான் கேட்பதில்லை. கேட்காததால் அந்த விவரம் தேவையற்றதாகிவிடுவதில்லை. எழுதியவரின் தலைக்குள் தங்கிவிடுகிறது. 6 பேர் ஓர் அறையில் இருக்கும்வரை பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவர் வேலை மாறிச் சென்ற பிறகு, அவரை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் அந்த ஃபங்ஷனைத் தொட நேரும்போதுதான் எழுதாமல் விட்டதன் விலை தெரியவரும்.

பைத்தானில் வகைகளே இல்லை என்று பலர் நினைப்பது தவறு. அங்கே ஒவ்வொரு மதிப்புக்கும் உறுதியான வகை உண்டு, மதிப்பைத் தாங்கும் பெயரான மாறிக்குத்தான் கிடையாது. எண்ணோடு எழுத்துச் சரத்தைக் கூட்டச் சொன்னால் பைத்தான் மறுத்துவிடும். ஆனால் அந்த வரி இயங்கும்போதுதான் மறுக்கும். ஆண்டுக் கணக்கு முடிப்பில் மட்டும் இயங்கும் வரியாக இருந்தால், ஆண்டுக் கணக்கு முடிக்கும் இரவில் மறுக்கும். (முன்பு நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், ஒரு புலத்தின் பெயரை மாற்றிவிட்டு நான்கு இடங்களில் திருத்தினேன். ஐந்தாவது இடம் இருந்தது மார்ச் 31 இரவு பதினொரு மணிக்குத்தான் தெரிந்தது.)

மறுப்பே வராமல் போவது இதைவிட மோசம். ஒரு பெட்டி 50 ரூபாய் விலையுள்ள மருந்தில் 3 பெட்டிகளுக்குப் பில் போடுகிறீர்கள். விலை படிவத்திலிருந்து எண்ணாக மாற்றப்படாமல் எழுத்துச் சரமாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பைத்தானில் எழுத்துச் சரத்தை முழு எண்ணால் பெருக்கினால் அது அத்தனை முறை அடுக்கி எழுதப்படும் என்பதால், 150 வர வேண்டிய இடத்தில் 505050 வரும், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல். அதுபோலவே, சாதாரண கிளாஸ் (பொருள்களுக்கான வார்ப்பு) ஒன்றில் ஒரு பண்பின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதி மதிப்பை வைத்தால், அந்தப் பிழையான பெயரிலேயே புதிய பண்பு ஒன்று சத்தமில்லாமல் உருவாகிவிடும்.

பெரிய நிறுவனங்கள் பைத்தானைப் பயன்படுத்தவில்லையா என்று உங்கள் நிர்வாகம் கேட்கக்கூடும். பயன்படுத்துகின்றன, ஆனால் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோப்புச் சேமிப்புச் சேவை தரும் டிராப்பாக்ஸ் நிறுவனம் பெருமளவு பைத்தானில் வளர்ந்தது. அம்மொழியை உருவாக்கிய கீடோ வான் ரோசம் 2013 முதல் 2019 வரை அங்கேதான் பணியாற்றினார். யூக்கா லேட்டோசாலோ கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வின்போது தொடங்கிய ‘மைபை’ என்னும் வகைச் சோதனைக் கருவி டிராப்பாக்ஸில்தான் வளர்ந்தது. வகைக் குறிப்புகளை எழுதுவதற்கான பொது இலக்கணம் ‘பெப் 484’ என்னும் முன்மொழிவின் வழியே 2015-இல் பைத்தான் 3.5 பதிப்போடு வந்தது. 2019-இல் தங்கள் நிரலில் 40 லட்சம் வரிகள் இவ்வாறு சோதிக்கப்படுவதாக டிராப்பாக்ஸ் அறிவித்தது. ஏற்கெனவே எழுதி ஓடிக்கொண்டிருந்த நிரலுக்குப் பின்னால் சென்று வகை எழுதியதற்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பு செலவாகியிருக்கிறது. பிஎச்பி மொழியிலிருந்து ஃபேஸ்புக் ‘ஹாக்’ மொழியை உருவாக்கியதும், ரூபிக்காக ஸ்ட்ரைப் ‘சார்பெட்’ கருவியை எழுதியதும், ஜாவாஸ்கிரிப்ட்டுக்காக மைக்ரோசாஃப்ட் டைப்ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்ததும் இதே தேவையால்தான். நீங்கள் புதிதாகத் தொடங்குவதால், அவர்கள் பின்னால் கொடுத்த விலையை முதல் நாளிலேயே சிறுகச் சிறுகக் கொடுத்துவிடலாம்.

இனி நடைமுறை. மைபையை நிறுவிவிட்டோம், ‘பிழை ஏதுமில்லை’ என்று சொல்கிறது என்று மகிழும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். இயல்பான அமைப்பில் அக்கருவி, வகைக் குறிப்பே இல்லாத ஃபங்ஷனின் உட்பகுதியைச் சோதிப்பதில்லை. நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டால் அதுவும் ஒன்றும் சொல்லாது. ஆகவே, குறிப்பில்லாத ஃபங்ஷனைப் பிழையாகக் கொள்ளும் ‘ஸ்ட்ரிக்ட்’ முறையை முதல் கமிட்டிலிருந்தே (நிரலை முதன்முதலாகப் பதிவுசெய்யும்போதே) இயக்குங்கள். சோதனையில் தேறாத மாற்றம் பொது நிரல் இருக்கும் மெயின் கிளையில் சேர முடியாதபடி, மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சிஐ அமைப்பைப் பூட்டிவையுங்கள். ஒருவர் நிரலை இன்னொருவர் படித்துப் பார்க்கும் கோட் ரிவ்யூவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வெளியீட்டு வாரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அடுத்து, ‘எனி’ என்னும் வகையைக் கண்காணியுங்கள். எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள்படும் இந்த வகை ஒரு மதிப்போடு ஒட்டிக்கொண்டால், அந்த மதிப்பு செல்லும் வழியெல்லாம் சோதனை கண்ணை மூடிக்கொள்ளும். வகைக் குறிப்பில்லாத வெளி லைப்ரரிகளிலிருந்து அது வரும். மென்பொருள்கள் தமக்குள் தரவு பரிமாறப் பயன்படுத்தும் ஜேசன் வடிவத் தரவைப் படிக்கும்போதும் வரும். அதனால்தான் படிவம், பிற மென்பொருளோடு இணைக்கும் ஏபிஐ, வங்கிக் கோப்பு என்று வெளியிலிருந்து தரவு நுழையும் ஒவ்வொரு வாசலிலும் ‘பைடான்டிக்’ போன்ற லைப்ரரியால் அதைச் சரிபார்த்து, வகை தெரிந்த பொருளாக மாற்றிய பிறகே உள்ளே விட வேண்டும். வகைக் குறிப்புகளை இயங்குநேரத்தில் பைத்தான் தானாகச் சரிபார்ப்பதில்லை என்பதை ஜாவாவிலிருந்து வருபவர்கள் எளிதில் மறந்துவிடுவார்கள். உள்ளே சென்ற தரவை, எந்தப் பெயரையும் ஏற்கும் டிக்ஷனரியாகக் கைமாற்றிக்கொண்டிருக்காமல், புலங்களை முன்கூட்டி அறிவிக்கும் ‘டேட்டாகிளாஸ்’ ஆக வையுங்கள். பில்லில் என்னென்ன புலங்கள் உண்டு என்பதைப் புதிதாகச் சேர்ந்தவர் ஒரே இடத்தில் படித்துக்கொள்வார். பணத்தொகைக்கு, பின்னங்களைத் தோராயமாக வைக்கும் ‘ஃப்ளோட்’ வேண்டாம், துல்லியமாக வைக்கும் ‘டெசிமல்’ மட்டும் என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம். இரண்டையும் கலந்து கூட்டினால் பைத்தானே மறுக்கும். வகைச் சோதனை அதை அதற்கு முன்பே காட்டிவிடும்.

வகைச் சோதனையிடம் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜையும் மைக்ரோசாஃப்டையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017-இல் ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் வெளியான பிழைகளை ஆராய்ந்து, டைப்ஸ்கிரிப்ட்டோ, ‘ஃப்ளோ’ என்னும் வகைச் சோதனைக் கருவியோ இருந்திருந்தால் அவற்றில் 15 சதவீதம் முன்பே பிடிபட்டிருக்கும் என்று கண்டனர். சிறு செலவில் கிடைக்கும் 15 சதவீதத்தை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எஞ்சிய பிழைகளுக்குச் சோதனை நிரல்கள்தான் வழி. தள்ளுபடிக்கு முன் வரி கணக்கிடுவதா, பின் கணக்கிடுவதா என்னும் குழப்பத்தை ஜாவாவின் கம்பைலரும் பிடிக்காது. வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பில்லிங் மென்பொருள் பெரும்பாலும் டேட்டாபேஸுக்காகக் காத்திருப்பதால் அது உங்கள் முதல் கவலையாக இருக்காது.

நிர்வாகத்தின் முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு கருவிகள் விரைவாக முடிந்தன என்பது, ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு அமைப்பை முழுவதுமாகத் திருப்பி எழுதப் போதுமான காரணம் ஆகாது. அந்த விரைவில் ஒரு பகுதி பைத்தானுடையது. இன்னொரு பகுதி அவை சிறியவை என்பதால் வந்தது, அது 25 பேரோடு கூட வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால், பில், இருப்பு, பேரேடு ஆகியவற்றை ஜாவாவிலேயே விட்டுவிட்டு, அறிக்கைகள், கொள்முதல் கணிப்பு போன்ற ஒரு பகுதியை மட்டும் மேற்சொன்ன கட்டுப்பாடுகளோடு ஆறு மாதம் பைத்தானில் எழுதிப் பார்ப்பேன்.

அதற்கு முன் அந்த 6 பேரின் கருவிகளுக்கு வகைக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். மற்ற மாட்யூல்கள் (நிரல் கோப்புகள்) அதிகமாக அழைக்கும் மாட்யூலிலிருந்து தொடங்குவது நல்லது. இன்ஸ்டாகிராம் வெளியிட்ட ‘மங்கிடைப்’ கருவி, நிரல் இயங்கும்போது உண்மையில் வந்துபோகும் வகைகளைப் பதிவுசெய்து வரைவுக் குறிப்புகளைத் தரும் என்பதால் வேலை ஓரளவு குறையும். எழுத எழுத, இந்த ஃபங்ஷன் சில சமயம் பட்டியலையும் சில சமயம் ‘நன்’ என்னும் வெற்று மதிப்பையும் தருகிறதா என்று அவர்களே வியப்பார்கள். சோதனையை வாய்மூடச் செய்யும் ‘டைப் இக்னோர்’ குறிப்பு எத்தனை இடங்களில் தேவைப்படுகிறது என்பதை எண்ணி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிழைக் குறியீட்டையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஆறாவது மாதம் நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது அந்த எண்ணிக்கை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பதை மேசைமேல் வைத்துப் பேசுங்கள்.