ஆப்கான் போரின் செலவைப் பற்றி இங்கே வாய் திறக்கலாமா?

தம்பி,

கனடாவுக்கு வந்து ஐந்து மாதங்களில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி வாடகையையும் வாகன அனுமதிப்பத்திரத்தையும் பற்றிய வழமையான கேள்விகளைப் போன்றதல்ல என்பதால், சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். போரில் இறந்த படையினரின் நினைவுநாளுக்காக இங்கே அணியும் பொப்பிப் பூவைச் சட்டையில் குத்தியபடி மதிய உணவுக்கு அமர்ந்திருந்த உங்கள் வேலைத்தலத்தார் இருவர் ஆப்கானிஸ்தான் போரைப் பற்றித் தர்க்கித்தார்கள் என்றும், அவ்வளவும் வீணாய்ப்போன பணம் என்று ஒருவர் சொல்ல, மகனை அந்தப் போருக்கு அனுப்பிய மற்றவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்துபோனார் என்றும், உங்களிடம் அபிப்பிராயம் கேட்டபோது ஆங்கிலம் விளங்காதவர்போலச் சிரித்துச் சமாளித்தீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வந்து குடியேறியவர்கள் இதில் வாய் திறக்கலாமா, திறந்தால் பின்னாளில் குடியுரிமைக்குப் பாதகம் வருமா என்பது உங்கள் கேள்வி.

பாதகம் வராது. போருக்கு ஆன செலவைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் பேசியதற்காக இங்கே எவருடைய விண்ணப்பமும் மறுக்கப்படுவதில்லை. அந்தப் பயம் ஊரிலிருந்து பெட்டியோடு பெட்டியாக நாங்கள் கொண்டுவந்தது. எனக்கு அது போக ஏறத்தாழப் பத்து வருடங்கள் எடுத்தன. ஆனால் பேசுவதற்கு முன், இந்த வாதம் இங்கே எப்படி நடந்தது என்பதை அறிந்திருப்பது நல்லது.

2001 முதல் 2014 வரை 40,000க்கும் மேற்பட்ட கனடியப் படையினர் ஆப்கானிஸ்தான் சென்றுவந்தார்கள். 158 பேர் இறந்தார்கள். எங்களைப் போன்ற ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இது சிறிய எண்ணாகத் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இறந்த ஒவ்வொருவரும் ட்ரென்டன் விமானப்படைத் தளத்தில் இறக்கப்பட்டு, 401 நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம் ரொறன்ரோவிலுள்ள மரணவிசாரணை அலுவலகத்துக்குக் கொண்டுவரப்பட்டார். வழியிலுள்ள பாலங்களில் மக்கள் தாமாகவே கூடத் தொடங்கினார்கள். 2007இல் ஒன்ராறியோ அரசு அந்தப் பகுதிக்கு வீரர்களின் நெடுஞ்சாலை என்று பெயரிட்டது. நீங்கள் அன்றாடம் கடந்துபோகும் அந்தப் பெயர்ப்பலகையின் வரலாறு இதுதான்.

அக்காலத்தில் நான் ஸ்காபறோவில் ஒரு களஞ்சியசாலையில் பின்னேர வேலை பார்த்தேன். ஒரு மாசி மாதக் குளிரில், பேருந்தை விட்டிறங்கி அப்படியொரு பாலத்தில் போய் நின்றேன். தீயணைப்பு வண்டி ஒன்றும், கொடி பிடித்த சில முதியவர்களும், பள்ளிப் பிள்ளைகளும் நின்றார்கள். செத்தவீட்டுக்கு அழைப்பு எதிர்பாராமல் போவது எங்கள் வழக்கம். அவர்களும் அப்படித்தான் வந்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற கிழவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, இந்தப் போரைத் தான் ஆரம்பத்திலிருந்தே எதிர்ப்பதாகவும், அதைத் தன் தொகுதி உறுப்பினருக்கு இரண்டு முறை எழுதியிருப்பதாகவும், ஆனால் வீடு திரும்பும் பிள்ளையைப் பார்க்க வருவதை அது தடுக்கவில்லை என்றும் சொன்னார். போரை எதிர்ப்பவர் அங்கே நிற்பார் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

இழப்பு கண்ணில் படலாமா என்பதே அப்போது அரசியலாக இருந்தது. 2006 சித்திரையில், அப்போதைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு, ஒவ்வொரு மரணத்துக்கும் பாராளுமன்றக் கோபுரத்தின் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவதை நிறுத்தி, பேழைகள் வந்திறங்கும் இடத்துக்குள் ஊடகங்கள் நுழையவும் தடை விதித்தது; கடும் எதிர்ப்பு எழுந்த பின்னர், ஊடகத்தை அனுமதிப்பது குடும்பத்தின் விருப்பம் என்றானது. அதே ஆண்டு வைகாசியில் படைகளின் பணியை நீடிக்கும் தீர்மானம் 149க்கு 145 என்ற நான்கே வாக்குகளில் நிறைவேறியது. படைகளைத் திருப்பியழைத்துப் பேச்சுவார்த்தைக்குப் போகவேண்டும் என்ற புதிய சனநாயகக் கட்சித் தலைவர் ஜாக் லேய்ட்டனுக்குத் 'தலிபான் ஜாக்' என்று பட்டம் சூட்டினார்கள். ஆகவே, கேள்வி கேட்டவரைத் துரோகியாக்கும் பழக்கம் எங்கள் நாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடாதீர்கள்.

பணக்கணக்கு வெளிவந்த விதம் இன்னும் சுவையானது. 2008 ஐப்பசியில், பொதுத்தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, பாராளுமன்ற வரவுசெலவு அலுவலரான கெவின் பேஜ் தமது அறிக்கையை வெளியிட்டார். 2011 வரை இந்தப் போருக்கு 18.1 பில்லியன் டொலர் வரை செலவாகலாம், அதாவது ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 1,500 டொலர் என்றது அது. அரசு அதுவரை சொல்லிவந்த தொகை இதைவிட மிகக் குறைவு. குண்டுக்கும் எரிபொருளுக்கும் ஆன செலவோடு நிற்காமல், ஊனமுற்றுத் திரும்புவோருக்குப் பின்னாட்களில் கொடுக்கவேண்டியதையும் பேஜ் கணக்கில் சேர்த்திருந்தார். போர் முடிந்த பிறகும் வந்துகொண்டிருக்கும் சிட்டை அதுதான். அந்தக் கொடுப்பனவிலும் சச்சரவு இருந்தது: 2006இல் நடைமுறைக்கு வந்த சட்டம், காயமடைந்தோருக்கான வாழ்நாள் மாதாந்த ஓய்வூதியத்தை ஒரே தடவையில் கொடுக்கும் தொகையாக மாற்றியது, முன்னாள் படையினர் நீதிமன்றம் வரை போய்ப் பல ஆண்டுகள் போராடினார்கள், 2019இல்தான் மாதாந்தக் கொடுப்பனவு ஒரு தெரிவாகத் திரும்பவந்தது.

இந்தக் கணக்குகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எந்தப் பாலத்திலும் ஆப்கானியருக்காக எவரும் நிற்கவில்லை. 2021 வரை 46,000க்கும் மேற்பட்ட ஆப்கான் பொதுமக்கள் போரில் நேரடியாகக் கொல்லப்பட்டதாக அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழக ஆய்வுத்திட்டம் மதிப்பிடுகிறது. ஆனால் உங்கள் வேலைத்தலத்து வாதத்தில் அந்த எண்ணைச் சொல்லியிருக்கக்கூடியவர் நீங்கள் ஒருவராகத்தான் இருந்திருப்பீர்கள். 2009இல் வன்னியில் இறந்தவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்ற ஐ.நா. நிபுணர் குழுவின் சொல்லும் இலங்கை அரசின் மறுப்பும் இன்றுவரை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்க, எண்ணப்படாத சாவு என்னவென்று எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

எனவே பேசுங்கள், ஆனால் அந்தத் தந்தையிடமிருந்து தொடங்குங்கள். 2021 ஆவணியில் காபூல் தலிபான்களிடம் வீழ்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த அவரிடம், வீண் என்ற சொல்லை மற்றவர் சொன்னபடியே நீங்களும் சொல்லவேண்டாம். மகன் எந்த ஆண்டில் போனார், கனடியப் படைகள் போரிட்ட கந்தகாரில் இருந்தாரா, இப்போது எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். சொல்ல விரும்பினால் சொல்வார். செலவைப் பற்றி உங்களைவிடக் கடுமையாகவே அவர் பேசினாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன், ஏனென்றால் ஓய்வூதியச் சச்சரவில் முன்னுக்கு நின்றவர்களில் அத்தகைய குடும்பத்தவர்களும் உண்டு.

பொப்பி அணிவது கட்டாயமா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. 1930களில் கொழும்பில், பொப்பிக் காசு பிரித்தானியப் படைவீரருக்கே போகிறது என்று எதிர்த்தவர்கள், அதே நாளில் சூரியமல் என்ற பூவரசம்பூவை விற்ற கதை நம்முடைய தீவுக்கு உண்டு. இங்கே அந்தக் காசு முன்னாள் படையினருக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் போகிறது, நான் அணிகிறேன். விலை என்று ஒன்றில்லை, விரும்பியதைப் பெட்டியில் போட்டுவிட்டு இடது பக்கத்தில் குத்திக்கொள்ளுங்கள். அந்த ஊசி இலகுவில் கழன்று விழுந்துவிடும் என்பதால், வருடத்துக்கு மூன்று பூவாவது எனக்குத் தேவைப்படுகிறது.