தாய்மாமன் மகன் ஸ்பான்சர் செய்யலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, ஆறு ஆண்டுகளாகச் சேலத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன், திருமணமானவன். ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்று அடிலெய்டில் வசிக்கும் என் தாய்மாமன் மகன், 491 என்னும், திறனுள்ளவர்களுக்கான தற்காலிக விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய முன்வருகிறார். உடன்பிறந்தவர் செய்தால்தான் செல்லும் என்கிறார் இங்குள்ள ஏஜென்ட் ஒருவர். அது சரியா?
- வாசகர், அம்மாபேட்டை

பதில்: சரியன்று. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் மட்டுமல்லாமல், தாத்தா பாட்டி, மாமா, அத்தை, சித்தப்பா, அண்ணன் தம்பி அக்கா தங்கையின் பிள்ளைகள், பெற்றோருடன் பிறந்தவர்களின் பிள்ளைகள் ஆகியோரும் இந்த விசாவுக்கு ஸ்பான்சர் செய்யலாம். அவர் 18 வயது நிரம்பிய குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உடையவராகவோ இருப்பதோடு, சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் நீங்கலான பகுதியில் வழக்கமாக வசிப்பவராகவும் இருப்பது அவசியம். அடிலெய்டு அதில் அடங்கும்.

உங்களுக்கு உண்மையான வேலை உறவை நிரூபிப்பதில்தான் இருக்கிறது. உங்கள் பிறப்புச் சான்றிதழில் தாயாரின் பெயரும், மாமன் மகனின் சான்றிதழில் மாமாவின் பெயரும் இருக்கும். ஆனால் தாயாரும் மாமாவும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்பதை எது காட்டும்? அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறப்பே பதிவாகவில்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழும், தாத்தா காலமாகியிருந்தால் தாசில்தார் வழங்கிய வாரிசுச் சான்றிதழும் இங்கே கைகொடுக்கும். ஒன்றில் ‘முத்துசாமி’ என்றும் மற்றொன்றில் ‘முத்துஸ்வாமி’ என்றும் தாத்தாவின் பெயர் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைத்துவிடுங்கள். தமிழிலுள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், அதில் மொழிபெயர்த்தவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி ஆகியவையும் வேண்டும்.

ஸ்பான்சர் கிடைத்தாலே விசா உறுதி என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அது 15 மதிப்பெண் மட்டுமே தரும். உங்கள் வயதுக்கு 25, பட்டத்துக்கு 15, அனுபவம் முழுவதும் ஏற்கப்பட்டால் 10, ஆக 65. இது குறைந்தபட்ச வரம்பு மட்டுமே, விசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்பு கிடைக்க இதற்கு மேலும் தேவைப்படலாம். உங்கள் மனைவியும் ஆங்கிலத் தேர்வில் தேவையான தகுதியைப் பெற்றால் 5 கூடும்; நீங்களே ஐஇஎல்டிஎஸ் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 7 எடுத்தால் 10 கூடும். படிப்பையும் பணியையும் அந்நாட்டுப் பொறியாளர் அமைப்பான ‘இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா’ மதிப்பிட்டுச் சான்றளித்த பிறகுதான், அந்த அழைப்பைக் கோரும் விருப்ப விண்ணப்பம் (EOI) போட முடியும் என்பதால், முதலில் அதைத் தொடங்குங்கள்.

கேள்வி: நான் ஏற்காட்டைச் சேர்ந்த செவிலியர். அக்கா மெல்போர்னில் இருக்கிறார். மெல்போர்னுக்கு வெளியே ஜீலாங் நகரில் உள்ள தோழியின் முகவரியைக் கொடுத்து அக்கா எனக்கு 491 விசாவுக்கு ஸ்பான்சர் செய்யலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. உண்மையிலேயே ஜீலாங்குக்குக் குடிபெயர்ந்து வாழ்ந்தால் உங்கள் அக்கா தகுதி பெறுவார். பொய் முகவரி கொடுத்தது தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு, மூன்று ஆண்டுகளுக்கு வேறு பல விசாக்களும் கிடைக்காமல் போகலாம். செவிலியர் பணிக்கு, ஸ்பான்சர் இல்லாமலே திறன் அடிப்படையில் தரப்படும் 189 விசாவில் உறவினரே தேவையில்லை. மாநில அரசின் பரிந்துரையோடு 190 விசாவுக்கும் முயலலாம்.